கோப்புறையும் சாவியும்

பொருள்களை இனம் பிரித்து வைப்பது மனிதனின் தொன்மையான பழக்கங்களுள் ஒன்று. சமையலறையில் அஞ்சறைப் பெட்டி, அலுவலகத்தில் கோப்புக் கட்டு, நூலகத்தில் எண்ணிட்ட அலமாரி என எங்கு நோக்கினும் பெட்டிக்குள் பெட்டியாகவே நம் பொருள்கள் அடங்கிக் கிடக்கின்றன. இப்பழக்கம் கணிப்பொறிக்குள்ளும் நுழைந்தது. கோப்புறைக்குள் ஒரு கோப்புறை, அதனுள் இன்னொன்று, அதனுள் ஒரு குறிப்பு என்று அடுக்கி வைக்கிறோம். இவ்வளவில் சிக்கல் ஏதுமில்லை. அந்தப் பெட்டியைப் பிறரோடு பகிர்ந்துகொள்ளத் தொடங்கும்போதுதான் சிக்கல் பிறக்கிறது.

குறிப்பெடுக்கும் மென்பொருளில் அடுக்குக் கோப்புறைகளையும் பகிர்வு அனுமதிகளையும் எவ்வாறு அமைப்பது என்பதை மாணவர்க்கு விளங்கும்படி கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். கணிப்பொறி அறிவியல் கற்பிக்கும் நான் இப்பாடத்தை நூல்களில் கற்றதைவிட, நான் செய்த ஒரு பிழையிலிருந்தே மிகுதியாகக் கற்றேன். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் செய்த பிழை

சில ஆண்டுகளுக்கு முன் மூன்றாமாண்டு வகுப்பிற்காகக் குறிப்பேட்டு மென்பொருள் ஒன்றைப் பயன்படுத்தி வந்தேன். 'மூன்றாமாண்டு' என்னும் கோப்புறையை வகுப்பின் 42 மாணவர்களோடும் பகிர்ந்திருந்தேன். பாடக்குறிப்பு, செய்முறைப் பயிற்சி, பழைய வினாத்தாள் ஆகியவை அதனுள் தனித்தனிக் கோப்புறைகளாக இருந்தன. இதற்கு வெளியே, எனக்கு மட்டுமே உரியதாக 'வருகைக் குறைவு' என்றொரு கோப்புறை இருந்தது. வகுப்பிற்கு வராத நாட்களுக்கு மாணவர்கள் என்னிடம் தனியே கூறிய காரணங்களை அதில் ஏழு குறிப்புகளாக எழுதி வைத்திருந்தேன்.

பருவத்தின் இறுதியில் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தும் ஆசை எழுந்தது. 'வருகைக் குறைவு' மூன்றாமாண்டைப் பற்றியதுதானே, அது ஏன் வெளியே கிடக்க வேண்டும் என்று எண்ணி, அக்கோப்புறையை இழுத்து 'மூன்றாமாண்டு' என்பதற்குள் விட்டேன். திரையில் எச்சரிக்கை எதுவும் தோன்றவில்லை. 'நகர்த்தப்பட்டது' என்ற ஒரு சொல் தோன்றி மறைந்தது. அவ்வளவே.

அன்று மாலைக்குள் அந்த ஏழு குறிப்புகளையும் வகுப்பு முழுவதும் படித்துவிட்டது. அவற்றுள் ஒன்று, தந்தையின் நோயையும் தாம் இரவு வேலைக்குச் செல்லும் நிலையையும் ஒரு மாணவர் என்னை நம்பிக் கூறியது. அவர் நான்கு நாட்கள் கல்லூரிக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் வந்தவரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். "நான் யாரிடமும் எதையும் சொல்லவில்லை, தம்பி. அடுக்கி வைக்கும்போது இடம் மாறிவிட்டது" என்றேன். அவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "இடம் மாற்றினதுதான் சார், சொன்னது மாதிரி ஆயிடுச்சு" என்றார்.

அவருடைய இசைவைப் பெற்றே இதனை எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்பது மட்டுமே அவர் இட்ட நிபந்தனை. அவர் கூறிய அந்த ஒரு வரியில் இக்கட்டுரையின் பொருள் முழுவதும் அடங்கியிருக்கிறது.

ஒரு பெட்டி, இரு வேலைகள்

கோப்புறை என்பது உண்மையில் இரண்டு வேலைகளைச் செய்கிறது. 'இது எதைப் பற்றியது?' என்ற கேள்விக்கு விடை கூறுவது முதல் வேலை. 'இதை யார் காணலாம்?' என்ற கேள்விக்கு விடை கூறுவது இரண்டாவது வேலை. முதலாவது வகைப்பாடு; இரண்டாவது உரிமை. இவ்விரண்டும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. பொருளால் 'வருகைக் குறைவு' மூன்றாமாண்டைச் சேர்ந்தது. உரிமையால் அது என் ஒருவனைச் சேர்ந்தது. நான் வகைப்பாட்டை நினைத்துக் கை அசைத்தேன். மென்பொருளோ அதனை உரிமை மாற்றமாகவும் எடுத்துக்கொண்டது.

இச்சிக்கல் இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1965-ஆம் ஆண்டிலேயே மல்டிக்ஸ் என்னும் கணிப்பொறி அமைப்பிற்காக டேலி, நியூமன் ஆகிய இருவரும் எழுதிய ஆய்வுரை, கிளை கிளையாகப் பிரியும் கோப்பு அடைவுகளையும், ஒவ்வொரு கோப்பிற்கும் 'இன்னார் காணலாம், இன்னார் எழுதலாம்' என்னும் பட்டியலையும் ஒருங்கே விவரித்தது. அடுக்கும் அனுமதியும் ஏறத்தாழ ஒன்றாகவே பிறந்த இரட்டையர் எனலாம்.

யூனிக்ஸ் காட்டும் பாடம்

1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் தொடங்கப்பெற்ற யூனிக்ஸ் அமைப்பு இதனை மிக எளிமையாக்கியது. உரிமையாளர், குழுவினர், மற்றையோர் என மூவகை மக்கள். படித்தல், எழுதுதல், இயக்குதல் என மூவகைச் செயல்கள். ஆக ஒன்பது அனுமதிக் குறிகள். கோப்புறையைப் பொறுத்தவரை 'இயக்குதல்' என்பதற்கு, அதன் வழியே உள்ளே கடந்து செல்லும் உரிமை என்று பொருள்.

இதனை நம் பழைய வீடுகளோடு ஒப்பிடலாம். தெருவாயில், நடை, கூடம், அறை என்று வரிசையாக உள்ள வீட்டில், அறைக்கதவு திறந்தே இருந்தாலும் தெருவாயில் பூட்டியிருந்தால் அயலார் உள்ளே வர இயலாது. யூனிக்ஸிலும் அவ்வாறே. 644 என்னும் அனுமதி கொண்ட கோப்பை எவரும் படிக்கலாம். ஆயினும் அது 700 என்னும் அனுமதி கொண்ட கோப்புறைக்குள் இருந்தால், அக்கோப்புறைக்கு உரியவரைத் தவிர மற்ற பயனர் அதனை எட்ட முடியாது. வாயிற்பூட்டே அதற்குக் காவல்.

இப்போது அந்தக் கோப்பைத் திறந்த கோப்புறை ஒன்றிற்கு நகர்த்துவோம். அதன் அனுமதி அதே 644 தான். ஒரு குறிகூட மாறவில்லை. ஆனால் இனி எல்லோரும் அதனைப் படிக்கலாம்! பூட்டிய வீட்டுக்குள் இருந்த பூட்டாத பெட்டியைத் திண்ணையில் கொண்டுவந்து வைத்ததற்கு இது நிகர். என் பிழையும் இத்தகையதே என்பதை மாணவர் எளிதில் உணரலாம்.

விண்டோஸ் அமைப்பு வேறொரு வழியைக் கைக்கொண்டது. அதில் மேலுள்ள கோப்புறையின் அனுமதி கீழே இறங்கி வரும். 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த பதிப்பு முதல், மேலே செய்யும் மாற்றம் தானாகவே கீழுள்ளவற்றிற்கும் பரவும்படி அமைத்தனர். எனினும் ஒரே வட்டுப் பகுதிக்குள் கோப்பை நகர்த்தினால் அது பொதுவாகப் பழைய அனுமதியோடேயே செல்லும். நகல் எடுத்தாலோ புதிய இடத்தின் அனுமதியைப் பெறும். இழுத்து விடுவது என்னும் ஒரே செயலுக்கு, நகர்த்தலா நகலா என்பதைப் பொறுத்து இரு வேறு விளைவுகள்! இதனை அறியாது இடர்ப்பட்டோர் பலர்.

இன்றைய குறிப்பேடுகள்

இன்றைய குறிப்பேட்டு மென்பொருள்கள் இச்சிக்கலைப் பல்வேறு வகையில் எதிர்கொள்கின்றன.

சில, அடுக்கின் ஆழத்தைக் குறைத்துவிட்டன. 2008-இல் பொதுமக்களுக்கு வந்த எவர்நோட், குறிப்பேடு, குறிப்பேடுகளை ஒன்றுசேர்க்கும் அடுக்கு என்னும் இரண்டு படிகளோடு நெடுங்காலம் நின்றது. பெட்டிக்குள் பெட்டி வேண்டுவோர்க்கு அது குறைதான். ஆனால் எந்தப் பூட்டு எங்கே இருக்கிறது என்ற ஐயம் அங்கே அரிது.

சில, ஆழத்தை அனுமதித்து, பகிர்வின் அலகைப் பெரிதாக்கின. ஒன்நோட் மென்பொருளில் பகுதி, பகுதிக் குழு, பக்கம் என்று பிரித்துக்கொண்டே போகலாம். ஆனால் பிறருக்கு உரிமை வழங்குவதற்கு அடிப்படை அலகு குறிப்பேடு முழுவதுமே.

நோஷன் போன்றவை பக்கத்திற்குள் பக்கமாக எவ்வளவு ஆழத்திற்கும் செல்லவிட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் தனி அனுமதிக்கு இடமளிக்கின்றன. முழு உரிமை, திருத்தும் உரிமை, கருத்துரைக்கும் உரிமை, காணும் உரிமை எனப் படிகள் பல. மேற்பக்கத்தின் அனுமதி கீழே வழிந்து வரும்; வேண்டாவிடில் கீழே அதனைத் தடுக்கலாம். ஆற்றல் மிகுந்த முறைதான். ஆனால் ஆற்றல் மிகுந்த இடத்தில் தவறுவதற்கான வழிகளும் மிகும்.

கூகுள் டிரைவின் வரலாறு இங்குச் சிந்திக்கத்தக்கது. அதில் ஒரு கோப்பை ஒரே நேரத்தில் பல கோப்புறைகளுக்குள் வைக்கும் வசதி முன்னர் இருந்தது. ஒரு பிள்ளைக்குப் பல பெற்றோர் இருந்தால் யார் சொல் செல்லும்? அனுமதி எவ்வழியே வந்தது என்று கண்டறிவதே கடினமாகும். 2020 செப்டம்பர் 30 முதல் ஒரு கோப்பிற்கு ஓர் இடமே என்று விதியை மாற்றினர். பிற இடங்களில் குறுக்குவழி மட்டும் வைக்கலாம். குறுக்குவழி இடத்தைச் சுட்டுமே அன்றி உரிமையைத் தராது. வகைப்பாட்டையும் உரிமையையும் ஓரளவு பிரித்துவைத்த நல்ல மாற்றம் இது என்பேன்.

வடிவமைப்போர் விடை காண வேண்டிய ஐந்து வினாக்கள்

என் பிழைக்குப் பின், இறுதியாண்டு மாணவர் சிலருக்குச் சிறிய குறிப்பேட்டு மென்பொருள் ஒன்றை வடிவமைக்கும் பணியைத் திட்டப்பணியாகக் கொடுத்தேன். நிரல் எழுதுமுன் ஐந்து வினாக்களுக்கு விடை எழுதி வருமாறு கூறினேன்.

முதல் வினா: அனுமதியை எங்கே எழுதி வைப்பது? ஒவ்வொரு குறிப்பிலும் எழுதலாம். அல்லது கோப்புறையில் மட்டும் எழுதிவிட்டு, தேவைப்படும்போது கீழிருந்து மேலே ஏறிப் பார்க்கலாம். 600 குறிப்புகள், 42 மாணவர்கள் என்று கொள்வோம். முதல் முறையில் 25,200 பதிவுகள் வேண்டும். இரண்டாம் முறையில் கோப்புறையில் 42 பதிவுகள் போதும். வகுப்பை ஒரு குழுவாக்கினால் ஒரே பதிவு. முதல் முறையில் படிப்பது விரைவு, மாற்றுவது பெரும்பாடு. மேலும், பாதியில் நின்றுபோன மாற்றத்தால் சில குறிப்புகள் பழைய அனுமதியோடு தங்கிவிடும் இடரும் உண்டு. சிறிய மென்பொருளுக்கு இரண்டாம் முறையே ஏற்றது. ஒரு கோப்புறையை அதன் உள்ளேயே இருக்கும் கோப்புறைக்குள் நகர்த்தவிடக் கூடாது என்பதை மட்டும் மறத்தல் ஆகாது. விட்டால், மேலே ஏறும் வழி வட்டமாகி, நிரல் முடிவின்றிச் சுற்றிக்கொண்டிருக்கும்.

இரண்டாம் வினா: இரு அனுமதிகள் சந்தித்தால் எது வெல்லும்? வெளிக்கோப்புறையில் 'காணலாம்' என்றும் உட்கோப்புறையில் 'திருத்தலாம்' என்றும் ஒருவருக்கு இருந்தால், இரண்டில் பெரியதைக் கொடுப்பதே வழக்கம். 'இன்னாருக்குக் கூடாது' என்னும் மறுப்பையும் சேர்த்தால் கணக்குச் சிக்கலாகும். விண்டோஸில் நேரடி மறுப்பு, நேரடி அனுமதி, வழிவந்த மறுப்பு, வழிவந்த அனுமதி என்ற வரிசையில் பார்க்க வேண்டும். இந்த வரிசையை எத்தனை பயனர் நினைவில் வைத்திருப்பர்? என் மாணவர் மறுப்பே வேண்டாம் என்று முடிவு செய்தனர். அதற்கு மாறாக, 'மேலிருந்து வரும் அனுமதி இங்கே நிற்கும்' என்னும் ஒரே ஒரு தடுப்பை மட்டும் வைத்தனர். 'மூன்றாமாண்டு' கோப்புறைக்குள்ளேயே 'அகமதிப்பீடு' என்னும் மூடிய கோப்புறையை வைக்க அது போதும்.

மூன்றாம் வினா: உள்ளே இருப்பதை மட்டும் பகிர்ந்தால் வெளியே உள்ளதன் பெயர் தெரியலாமா? யூனிக்ஸில் வாயிலைக் கடக்க உரிமையில்லாதவர் அறைக்குள் செல்ல முடியாது. குறிப்பேட்டு மென்பொருளிலோ நான்கு அடுக்குக்குள் உள்ள ஒரு குறிப்பை மட்டும் ஒருவருக்குத் தரலாம். அப்போது திரையின் மேல் 'ஒழுங்கு நடவடிக்கை, இரண்டாமாண்டு, விளக்கக் கடிதம்' என்று வழி முழுவதையும் காட்டினால், குறிப்பைத் திறக்குமுன்பே பாதிச் செய்தி வெளிப்பட்டுவிடும். கோப்புறையின் பெயரும் ஒரு செய்தியே. ஆகவே உரிமை இல்லாத மேற்கோப்புறைகளின் பெயரை மறைத்து, 'என்னோடு பகிரப்பட்டவை' என்னும் தனி இடத்தில் அக்குறிப்பைக் காட்டுதல் வேண்டும்.

நான்காம் வினா: நகர்த்தும்போது என்ன நிகழ வேண்டும்? இதுவே அனைத்திலும் தலையாயது. பகிர்ந்த கோப்புறையிலிருந்து ஒரு குறிப்பை வெளியே எடுத்தல், மற்றவர்களைப் பொறுத்தவரை அதனை அழித்ததற்குச் சமம். பகிர்ந்த கோப்புறைக்குள் வைத்தல், அதனை வெளியிட்டதற்குச் சமம். எனவே நகர்த்துமுன் மென்பொருள் இரண்டு பட்டியல்களைக் கணக்கிட வேண்டும்: இப்போது காண்போர் யார், நகர்த்தியபின் காண்போர் யார். புதிதாகச் சேர்வோர் ஒருவரேனும் இருப்பின் அதனைச் சொல்லாமல் நகர்த்தலாகாது. "இந்த 7 குறிப்புகளை இனி மேலும் 42 பேர் காண்பர்" என்று தெளிவாகக் கூறி, 'இப்போதுள்ள அனுமதியோடேயே நகர்த்து', 'புதிய இடத்தின் அனுமதியை ஏற்று நகர்த்து', 'நகர்த்தாதே' என மூன்று வழிகளைத் தர வேண்டும். முதல் வழியே இயல்பு நிலையாக இருத்தல் நலம். அதனைத் தேர்ந்தால், நான் மேலே கூறிய தடுப்பை மென்பொருள் தானே இட்டு, பழைய வாசகரை மட்டும் அங்கே எழுதிக்கொள்ளும். மேலும், பகிரும் உரிமை இல்லாத ஒருவர் நகர்த்துவதன் மூலம் பகிர்ந்துவிட இடம் தரக் கூடாது.

ஐந்தாம் வினா: கொடுத்த உரிமையைத் திரும்பப் பெறுவது எப்படி? ஒருவரைப் பட்டியலிலிருந்து நீக்குதல் எளிது. ஆனால் அவர் கருவியில் ஏற்கெனவே இறங்கிவிட்ட நகலையும், அவர் மனத்தில் பதிந்துவிட்ட செய்தியையும் நீக்க எந்த நிரலாலும் இயலாது. நான் என் கோப்புறையை அன்றிரவே பழைய இடத்திற்கு நகர்த்தினேன். அதனால் என்ன பயன்?

இதில் நுட்பமான இன்னொரு சிக்கலும் உண்டு. கூகுள் நிறுவனத்தார் தங்கள் சேவைகளுக்கெல்லாம் பொதுவான அனுமதி அமைப்பாகச் சான்சிபார் என்பதை உருவாக்கி, 2019-இல் அதனைப் பற்றி ஆய்வுரை வெளியிட்டனர். 'புதிய பகைவர்' என்று அவர்கள் ஒரு சிக்கலைப் பெயரிட்டுக் கூறுகின்றனர். ஒரு கோப்புறையிலிருந்து ஒருவரை நீக்குகிறோம். நீக்கியபின் புதிய ஆவணங்களை அதற்குள் வைக்கச் சொல்கிறோம். அனுமதிப் பட்டியல் பல ஊர்களிலுள்ள கணிப்பொறிகளில் பதிந்திருப்பதால், ஏதோ ஒரு கணிப்பொறி பழைய பட்டியலைப் பார்த்துப் புதிய ஆவணத்தை அவருக்குக் காட்டிவிடக்கூடும். எது முன், எது பின் என்னும் வரிசை பிறழாமல் காப்பதே அவ்வமைப்பின் முக்கியப் பணிகளுள் ஒன்று. இலட்சம் கோடிக் கணக்கான அனுமதிப் பதிவுகளை வைத்துக்கொண்டு, நொடிக்கு இலட்சக்கணக்கான வினாக்களுக்கு அது விடை கூறுகிறது என்றால், 'யார் காணலாம்?' என்ற சிறு கேள்வி எவ்வளவு பெரிது என்பது விளங்கும்.

பழைய அறிவுரை ஒன்று

1975-இல் சால்ட்சர், சுரோடர் என்னும் அறிஞர் இருவர் கணிப்பொறியில் தகவலைக் காப்பது பற்றி எழுதிய புகழ்பெற்ற ஆய்வுரையில் எட்டு நெறிகளை வகுத்தனர். அவற்றுள் மூன்றை மட்டும் இங்கே குறிப்பிடுகிறேன். வெளிப்படையாக அனுமதி தந்தாலன்றி மூடியே இருக்க வேண்டும் என்பது ஒன்று. ஒவ்வொருவருக்கும் அவர்தம் வேலைக்குத் தேவையான அளவு உரிமையே போதும் என்பது மற்றொன்று. காவல் முறை, அதனைப் பயன்படுத்துவோரின் மனம் எண்ணும் முறையோடு ஒத்திருக்க வேண்டும் என்பது மூன்றாவது.

மூன்றாவது நெறியைப் பலரும் அழகியல் என்று எண்ணி ஒதுக்கிவிடுகின்றனர். அது தவறு. நான் பயன்படுத்திய மென்பொருள் தன் விதிப்படி பிழையின்றியே இயங்கியது. கோப்புறையின் அனுமதி கீழே இறங்கும் என்பது விதி, அது இறங்கியது. ஆனால் கோப்புறையை இழுத்த என் மனத்தில் 'அடுக்குகிறேன்' என்ற எண்ணமே இருந்தது. 'வெளியிடுகிறேன்' என்ற எண்ணம் இல்லை. மனத்திற்கும் விதிக்கும் இடையே இருந்த அந்த இடைவெளியில்தான் ஒரு மாணவரின் மானம் விழுந்தது. இதைச் சொல்வதால் என் பொறுப்பு குறைந்துவிடாது. பிறர் நம்பிக் கூறியதை வைத்திருப்பவன் அது எங்கே இருக்கிறது என்பதை அறிந்திருக்கக் கடமைப்பட்டவன்.

முடிவுரை

என் மாணவர்கள் தங்கள் திட்டப்பணியை முடித்தபோது, அதன் ஒவ்வொரு குறிப்பின் தலைப்பிற்குக் கீழும் ஒரு சிறு வரி இருந்தது: 'இதைக் காண்போர்: நீங்கள் மட்டும்' அல்லது 'இதைக் காண்போர்: 42 பேர்'. அவ்வரியைத் தொட்டால் பெயர்கள் விரியும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவ்வுரிமை எந்தக் கோப்புறையிலிருந்து வந்தது என்பதும் தெரியும். பல பக்க அமைப்புத் திரைகள் செய்யாததை இந்த ஒரு வரி செய்தது. மதிப்பீட்டிற்கு வந்த வெளித்தேர்வாளர், "இந்த வரி எதற்கு?" என்று வினவினார். குழுவில் ஒரு மாணவி, "எழுதறவங்க எழுதும்போதே தெரிஞ்சுக்கணும் சார்" என்று விடையிறுத்தார். தேர்வாளர் வேறெதுவும் கேட்கவில்லை.

மாணவ நண்பர்களே! நாளை உங்களில் சிலர் மென்பொருள் எழுதுவீர்கள்; எல்லோரும் அதனைப் பயன்படுத்துவீர்கள். எழுதுவோர், இடமாற்றம் என்பது சில வேளைகளில் ஆள்மாற்றமும் ஆகும் என்பதை மறவாமல், அதனைப் பயனர்க்கு முன்கூட்டியே உரைக்கும்படி நிரல் அமையுங்கள். பயன்படுத்துவோர், ஒரு கோப்புறையை இழுக்குமுன் அது சென்று சேரும் பெட்டியின் சாவி யார் யார் கையில் இருக்கிறது என்று ஒரு கணம் பாருங்கள். அந்த ஒரு கணத்தை நான் செலவிட்டிருந்தால், ஒரு மாணவருக்கு நான்கு நாட்கள் வீணாகியிருக்கமாட்டா.